இரும்புக்குள் இருக்கும் தையல்

பால்டிக் கடலில், ஸ்வீடனின் கிழக்குக் கரைக்கு அப்பால் கோட்லாந்து தீவு இருக்கிறது. அதன் பெரிய ஊர் விஸ்பி. 1361 ஜூலை 27 அன்று அந்த ஊரின் மதிலுக்கு வெளியே, டென்மார்க் அரசர் நான்காம் வால்டெமாரின் படை, தீவின் விவசாயிகள் திரண்டு நின்ற படையை ஒரே நாளில் முடித்துவிட்டது. மதிலுக்குள் இருந்த நகரத்தார் கதவைத் திறக்கவில்லை. ஏறத்தாழ 1800 பேர் மாண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. செத்தவர்களின் கவசத்தைக் கழற்றி எடுத்துக்கொள்வதுதான் அந்தக் காலத்து வழக்கம். இரும்புக்கு அவ்வளவு விலை. ஆனால் கோடை வெயிலில் இத்தனை பிணங்கள் கிடந்தால் எத்தனை நாள் பொறுக்க முடியும்? பலரை உடுத்தியிருந்த கோலத்திலேயே பெருங்குழிகளில் இறக்கி மூடினார்கள். மேலே ஒரு கல் சிலுவை நட்டார்கள். விஸ்பியின் வாசலுக்கு முன்னால் டேனியர் கையால் வீழ்ந்தவர்கள் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று அதில் லத்தீனில் எழுதியிருக்கிறது.

அந்த அவசரம்தான் ஐந்தரை நூற்றாண்டுகளுக்குப் பிறகு ஒரு புதையலாயிற்று. 1905 முதல் அந்தக் குழிகள் திறக்கப்பட்டன. ஸ்வீடனின் தொல்லியலாளர் பெங்க்ட் தோர்டெமான், கிடைத்ததையெல்லாம் அளந்து, வரைந்து, 1939-40இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள், இருபத்தைந்து உடற்கவசங்கள், இரும்புத் தகடு வைத்த கையுறைகள், மண்டையோட்டோடு ஒட்டிக் கிடந்த இரும்பு வளையத் தலைமூடிகள். சாதாரண வீரன் போட்டிருந்த கவசம் இவ்வளவு எண்ணிக்கையில், இன்ன நாளில் போட்டிருந்தது என்ற உறுதியோடு கிடைப்பது மிக அரிது. அரண்மனைகளில் காப்பாற்றி வைத்திருப்பவை பெரும்பாலும் பிரபுக்களுடையவை, அதிலும் பிற்காலத்தவை.

இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வரலாற்று மீள்நடிப்பில், அதாவது பழைய காலத்து உடையும் ஆயுதமும் தரித்து அந்தக் காலத்தை நிகழ்த்திப் பார்ப்பதில் இறங்கி, தன் கையால் ஒரு கவசம் செய்து போட்டுக்கொள்ள நினைப்பவர்களில் நிறையப் பேர் முதலில் கைவைப்பது விஸ்பி மாதிரியில்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. இந்தக் கவசத்துக்குப் பெரிய உலை வேண்டாம். ஒரு துண்டு இரும்பைப் பானை போல அடித்து உப்பவைக்கும் கைத்திறமை வேண்டாம். தோலிலோ கெட்டித் துணியிலோ ஓர் அங்கி. அதன் உள்பக்கம் வரிசையாக இரும்புத் தகடுகள். ஒவ்வொரு தகட்டையும் அங்கியோடு பிடித்து நிறுத்தும் ரிவெட்டுகள், அதாவது நுனியை அடித்துப் பரப்பிப் பூட்டும் ஆணிகள். வெளியிலிருந்து பார்த்தால் ரிவெட்டுத் தலைகள் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெரியும். தகட்டு அங்கி என்று சொல்லலாம். தோர்டெமான் இவற்றை ஆறு வகையாகப் பிரித்தார். சிலவற்றில் பெரிய தகடுகள், கை விரலில் எண்ணிவிடலாம். வேறு சிலவற்றில் நூற்றுக்கணக்கில் சிறு தகடுகள். 1361லேயே இவற்றில் பல பழைய மோஸ்தர். தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு வந்த மாதிரியானவை.

கவசம் என்றதும் நம் மனதில் வருவது கொல்லன்தான். உலை, பட்டடைக்கல், தீப்பொறி. செய்து, போட்டு, ஒரு பகல் முழுக்க அதோடு நடந்து பார்த்தவர்களின் அனுபவம் வேறு மாதிரி இருக்கிறது. கவசத்தில் பாதி வேலை தையல் வேலை. இரும்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது எந்தத் துணியிலிருந்து, எந்த நாடாவில், உடம்பின் எந்த இடத்தில் தொங்குகிறது என்பதுதான் அதைக் கவசமாக்குகிறது. இல்லாவிட்டால் அது சுமை. அருங்காட்சியகத்தில் கம்பத்தில் மாட்டி நிறுத்திய வெற்றுக் கவசம் இதைச் சொல்லாது. துணியும் தோலும் நாடாவும் மக்கிப்போய்விட்டன. நாம் பார்ப்பது மீந்த பாதியை. மீள்நடிப்பு என்பதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாமல் நான் மதிப்பது இதனால்தான். போன பாதியை உடம்பைக் கொண்டு தேடும் வேலை அது.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொல் இருப்பது இங்கே நினைவுக்கு வருகிறது. சங்கப் பாடல்களில் கவசத்துக்கு ‘மெய்ம்மறை’ என்று பெயர். உடம்பை மறைப்பது. இரும்பு அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. கேடயத்துக்கும் ‘தோல்’ என்றே பெயர்.

விஸ்பி அங்கி ஒன்றைச் செய்பவர் முதலில் வெட்டுவது அட்டையை. உள்ளே போடப்போகும் பஞ்சுவைத்த அங்கியை உடுத்திக்கொண்டு, அதன்மேல் அட்டையைச் சுற்றி, குனிந்து, நிமிர்ந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்து, இடிக்கிற இடத்தையெல்லாம் கத்தரித்து எடுப்பார். வெறும் பனியனோடு அளவெடுத்தால் போயிற்று. உள்ளங்கி ஏறியபின் மார்புச் சுற்றளவு பல சென்டிமீட்டர் கூடியிருக்கும். இரண்டு மாத வேலை பக்கிள் பூட்டாமல் நின்றுவிடும். புதிதாகச் செய்பவர்கள் பலர் இங்கேதான் முதல் அடி வாங்குகிறார்கள்.

அட்டை சரியாக அமைந்தபின் தோல். அதன்பிறகு எம்.எஸ். ஷீட் என்கிற மென் எஃகுத் தகடு. நம் ஊர்ப் பட்டறைகளில் 18 கேஜ் என்று கேட்டு வாங்குவார்களே, ஏறத்தாழ அந்தக் கனம்: 1.2 மில்லிமீட்டர். சிலர் 1.5 போடுவார்கள். வெட்டிய தகட்டின் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதை அரத்தால் ராவி, மூலைகளை உருட்டிவிட வேண்டும். சோம்பலில் இதை விட்டுவிட்டால் தகட்டின் மூலை உள்ளிருந்தே தோலைத் தின்னத் தொடங்கும். சில மாதங்களில் அங்கியில் வரிசையாகக் கீறல் விழும். அடுத்து, ஒரு மரக்கட்டையில் குழி வெட்டி, அதில் தகட்டை வைத்து மெல்ல அடித்து, விலாவின் வளைவுக்கு ஏற்ப வளைக்க வேண்டும். தட்டையான தகடு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் உடம்பில் ஒட்டாது. நடக்கும்போது ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும்.

ரிவெட் அடிக்கும் இடத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். தோலின் வெளிப்பக்கத்திலிருந்து ரிவெட்டைச் செருகி, தகட்டின் துளை வழியாக உள்பக்கம் எடுத்து, தலையைக் குழிவான இரும்பில் வைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் காலைக் குறடால் நறுக்குவார்கள். இரண்டு மில்லிமீட்டர் போல மிச்சம் விட வேண்டும். அதிகம் விட்டால் கால் சாய்ந்து மடங்கும்; குறைத்தால் பிடிக்காது. பிறகு உருண்டைத் தலை சுத்தியலால் ஓங்கி அடிக்கக் கூடாது. விளிம்பைச் சுற்றிச் சுற்றிச் சிறு தட்டல்கள். காளான் குடை விரிவதுபோல இரும்பு மெதுவாகப் பரவி உட்காரும். இப்படி நூறு, இருநூறு, சில வகைகளில் அதற்கும் மேலே. நூறாவது ரிவெட்டில் கை தானாகவே சரியான சத்தத்தைக் கேட்டு நிறுத்தக் கற்றுக்கொள்ளும்.

இந்த ரிவெட்டுகள்தான் தொல்லியலாளருக்கும் சாட்சி. தோல் மக்கிப்போனாலும் ரிவெட்டின் தலைக்கும் தகட்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி நிற்கிறது. அது அங்கே இருந்த தோலின் கனம். தகடுகளில் எது எதன்மேல் ஏறிக் கிடக்கிறது, எந்த வரிசையில் ரிவெட் நெருக்கமாக இருக்கிறது, பக்கிள் எந்தப் பக்கம் விழுந்து கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்து, இல்லாமல்போன ஓர் உடுப்பின் வெட்டை மீட்டார்கள். அப்படி மீட்டதில் தெரிந்தது: இவற்றில் பல, தலையை நுழைத்துப் போடும் அங்கிகள். முன்பக்கத்திலிருந்து இரண்டு சிறகுகள் விலாவைச் சுற்றிப் போய், முதுகில் சந்தித்து, அங்கே வாராலும் பக்கிளாலும் பூட்டிக்கொள்ளும். தன் முதுகில் இருக்கும் பக்கிளைத் தானே பூட்ட யாராலும் முடியாது. ஆகவே பக்கத்தில் ஒருவர் வேண்டும். கோட்லாந்து விவசாயிக்கு அன்று காலை பூட்டிவிட்டது தம்பியோ, பக்கத்து வயல்காரரோ. அந்தக் கையும் சேர்ந்ததுதான் இந்தக் கவசத்தின் வடிவமைப்பு என்பது காகிதத்தில் படிக்கும்போது உறைப்பதில்லை. போட்டு நிற்கும்போதுதான் உறைக்கிறது.

விஸ்பியிலிருந்து ஒரு நூற்றாண்டு தள்ளிப் போவோம். உடம்பு முழுவதையும் தகட்டால் மூடும் முழு இரும்புக் கவசம் வந்துவிட்ட காலம். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய ஓர் ஆங்கிலக் கையெழுத்துப் பிரதி இப்போது நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. காலால் நின்று போரிடப் போகும் ஒருவருக்கு எப்படிக் கவசம் பூட்டுவது என்று அதில் ஒரு சிறு குறிப்பு வருகிறது. நீளம் அதிகமில்லை. ஆனால் கவசம் போடுபவர்கள் அதை வேதம் மாதிரி மதிக்கிறார்கள், மதிக்கத் தகுந்ததுதான். அது இரும்பில் தொடங்கவில்லை. சட்டை போடக் கூடாது என்கிறது. பருத்தியும் லினனும் கலந்த ஃபஸ்டியன் என்ற கெட்டித் துணியில், சாட்டின் உள்துணி கொடுத்து, துளைகள் நிறைய வைத்துத் தைத்த இறுக்கமான மேலங்கி வேண்டும் என்கிறது. கவசத்தகடு மூட முடியாத கை மடிப்பிலும் கக்கத்திலும் இரும்பு வளையங்களைக் கோத்த வலைத் துண்டுகளை அந்த அங்கியிலேயே தைத்துவிட வேண்டும். கவசத்தை அங்கியோடு கட்டும் நாடாக்களைக் குறுக்குவில்லின் நாணுக்கு எடுக்கும் மெல்லிய முறுக்கு நூலில் செய்து, செருப்புத் தைப்பவர்களின் மெழுகைத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் நாடா நீளாது, அறாது. கால் கவசம் உராயாமலிருக்க முழங்காலில் மெல்லிய கம்பளித் துண்டு சுற்ற வேண்டும். இவ்வளவும் ஆனபின்தான் இரும்பு வருகிறது.

வரும் வரிசையும் கவனிக்க வேண்டியது. பாதத்தில் தொடங்கி மேலே ஏறுகிறது. பாதம், கணைக்கால், தொடை, பிறகு இடுப்பு, மார்பு, கைகள், தலை கடைசி. நாம் பாராயணம் செய்யும் கவசங்கள் பெரும்பாலும் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். இரும்புக் கவசம் அதற்கு நேர் எதிர். காரணம் எளிது: மார்பைப் பூட்டியபின் குனிந்து காலைக் கட்ட முடியாது. மேலேயிருக்கும் தகடு கீழேயிருக்கும் தகட்டின்மேல் ஏறி நிற்க வேண்டிய இடங்களும் உண்டு.

கால் கவசத்தை எங்கே கட்டுவது என்பதில் மீள்நடிப்பாளர்கள் வெகுகாலம் திணறியிருக்கிறார்கள். இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறேழு கிலோ இரும்பு. ஒரு பெல்ட்டைப் போட்டு அதில் தொங்கவிடுவதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அரை மணி நடந்தால் பெல்ட் இடுப்பெலும்பை அறுக்கும். இறுக்கினால் மூச்சு முட்டும், தளர்த்தினால் கால் கவசம் சரிந்து முழங்கால் மூட்டு சரியான இடத்தில் இருக்காது. மடக்கும்போது தகடு தகட்டோடு முட்டும். விடை பிரான்சின் லியோன் நகரத்துத் துணி அருங்காட்சியகத்தில் இருந்தது. 1364இல் ஓரே போரில் இறந்த ஷார்ல் த ப்ளுவா என்ற பிரபுவினுடையதாகப் போற்றி வைத்திருந்த ஒரு மேலங்கி. பட்டுத் துணி, பஞ்சு வைத்த மார்பு, கொடி போல ஒடுங்கிய இடை. அதன் உள்பக்கம் நாடா கட்டுவதற்கான இணைப்புகள் தைத்திருக்கின்றன. இறுக்கமான அங்கியே உடம்பு முழுவதையும் பிடித்துக்கொள்ள, காலின் பாரம் அந்த அங்கியிலிருந்து தொங்குகிறது. பாரம் இடுப்பின் ஒரு கோட்டில் விழாமல் முதுகு, விலா, இடை என்று பரவிவிடுகிறது. அந்த அங்கியின் கை வெட்டும் தனி. தோளுக்குக் கீழே வட்டமாக, மார்பின் பாதி வரை அகன்று வெட்டித் தைத்த கை. கையை நேராக மேலே தூக்கினாலும் அங்கியின் அடி ஓரம் எழும்பாது. அது எழும்பினால் அதில் கட்டிய கால் கவசமும் இழுபடும் அல்லவா? அந்தத் தையற்காரர் அதை யோசித்து வெட்டியிருக்கிறார். கவசக்காரர்கள் இந்த வெட்டைத் தைக்கக் கற்றபின், பழைய அதே இரும்பு இலகுவாகிவிட்டதாகச் சொல்வார்கள். இரும்பில் ஒரு கிராம் குறைந்திருக்காது.

மார்புத் தகட்டிலும் இப்படி ஒரு சூட்சுமம். புதியவர்கள் செய்யும் மார்புத் தகடு பெரும்பாலும் நீளமாகப் போய்விடும். பேன்ட் போடும் இடுப்புவரை, தொப்புளுக்குக் கீழே. போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் கீழ் விளிம்பு தொடையில் குத்தும், மேல் விளிம்பு தொண்டையில் முட்டும். பழைய மார்புத் தகடுகள் பார்க்கவே குட்டையாக இருக்கும். கடைசி விலாவுக்குச் சற்றுக் கீழே, உடம்பு ஒடுங்கும் இடத்தோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே வளையம் வளையமாகப் பாவாடை போன்ற தகடுகள் தொடங்கும். இடை ஒடுங்கிய இடத்தில் இரும்பும் ஒடுங்கி உட்கார்ந்தால் பாரம் தோளைவிட்டு இடுப்புக்கு இறங்கிவிடும். மனித உடம்பு மடங்கும் இடமும் அதுதான்.

வளையக் கவசத்துக்கும் இதே விதி. அது இரும்பில் பின்னிய சட்டை. ஒவ்வொரு வளையமும் தன்னைச் சுற்றி நான்கு வளையங்களைக் கோத்துக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு கிலோ வரும் ஒரு நீண்ட சட்டையில் இருபதாயிரம், முப்பதாயிரம் வளையங்கள் இருக்கும். உண்மையான பழைய வளையங்களில் கம்பியின் இரு நுனிகளையும் தட்டையாக்கி, ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஊசித் துளை போட்டு, கடுகளவு ரிவெட் அடித்திருப்பார்கள். நுனிகளை வெறுமனே முட்டவைத்து மூடிய வளையம் மலிவு, ஆனால் ஓர் அடியில் வாய் திறந்துவிடும். நீளச் சட்டையை அப்படியே தோளில் விட்டால் ஒரு மணியில் கழுத்துத் தசை கல்லாகிவிடும். இடுப்பில் ஒரு பெல்ட்டைக் கட்டி, சட்டையைக் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டு அதன்மேல் மடித்துத் தொங்கவிட்டால் பாதிப் பாரம் இடுப்புக்கு வந்துவிடும். இதிலும் வெட்டு உண்டு. கக்கத்தில் வளையங்களைக் கூட்டியும் மணிக்கட்டுப் பக்கம் குறைத்தும், ஸ்வெட்டர் பின்னுபவர்கள் கண்ணி கூட்டிக் குறைப்பதுபோலவே செய்திருக்கிறார்கள்.

இந்த ரிவெட் வளையச் சட்டைகளோடு இந்தியாவுக்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. ஐரோப்பிய மீள்நடிப்பாளர் உடம்பில் இருக்கும் வளையச் சட்டைகளில் கணிசமானவை இங்கே கையால் கோத்தவை. மீரட்டும் டேராடூனும் இந்தத் தொழிலின் மையங்கள். டேராடூனில் 1943இல், கூர்க்காப் படைகளுக்குக் குக்ரி கத்தி செய்யத் தொடங்கிய விண்ட்லாஸ் நிறுவனம் இன்று உலகெங்கும் வாளும் கவசமும் அனுப்புகிறது. முப்பதாயிரம் வளையத்தையும் ஒவ்வொன்றாக மூடும் பொறுமைக்குத் தருகிற கூலியில்தான் அந்தச் சட்டை ஒரு சாதாரணச் சம்பளக்காரர் வாங்கும் விலைக்கு வருகிறது. கோட்லாந்துத் திருவிழாவில் மின்னும் சட்டையைப் பார்க்கும்போது அந்த விரல்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

கனம் பற்றி ஒரு தவறான எண்ணம் இன்னும் போகவில்லை. கவசம் போட்டவன் கீழே விழுந்தால் எழவே முடியாது, குதிரைமேல் ஏற்றக் கப்பி வேண்டும் என்பார்கள். 15ஆம் நூற்றாண்டின் முழுப் போர்க் கவசம் பொதுவாக 20 முதல் 25 கிலோ, உடம்பெங்கும் பரவியது. பிரெஞ்சுத் தளபதி பூசிகோ கவசத்தோடு கரணம் அடிப்பார், சாய்த்த ஏணியின் அடிப்பக்கம் கைகளாலேயே தொங்கி ஏறுவார் என்று அவர் காலத்திலேயே எழுதிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. இன்று நல்ல கவசம் போட்டவர்கள் ஓடுவதையும் விழுந்து எழுவதையும் யாரும் பார்க்கலாம்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரகாம் அஸ்க்யூ குழுவினர், ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் கவசம் போட்டு விளக்கம் தரும் பழக்கசாலிகளை டிரெட்மில்லில் நடக்கவைத்தும் ஓடவைத்தும் மூச்சை அளந்தார்கள். 30 முதல் 50 கிலோ வரையான கவசங்கள். நடப்பதற்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆற்றல் செலவானது: 2.1 முதல் 2.3 மடங்கு. ஓடும்போது 1.9. அதே கனத்தை முதுகுப் பையில் சுமந்தால் இவ்வளவு ஆகாது. ஏனென்றால் காலில் மட்டும் 7, 8 கிலோ. ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி வீச வேண்டும். மூச்சும் மாறியது. மார்பு விரிய இடமில்லாததால் ஆழமாக இழுக்க முடியாமல், சிறு சிறு மூச்சாக வேகமாக விட்டார்கள். 1415இல் பிரான்சின் அஜின்கோர்ட் போர்க்களத்தின் உழுத சேற்றில் பிரெஞ்சு வீரர்கள் ஆங்கிலேயர் வரிசையை எட்டுவதற்குள் எப்படித் தளர்ந்திருப்பார்கள் என்று இதை வைத்து ஊகிக்கலாம்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பழைய மார்புத் தகடு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்காது. நடுவில் தடித்து, கக்கத்துப் பக்கம் மெலிந்திருக்கும்; அடி விழும் இடத்துக்கு இரும்பு, விழாத இடத்துக்குச் சிக்கனம். இன்று வாங்கும் ஷீட் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே கனம். அதை வெட்டிச் செய்த கவசம் அளவில் ஒன்றாக இருந்தாலும் எடையில் கூடும். அதனால் மீள்நடிப்பாளர் படும் சிரமத்தை அப்படியே பழைய வீரன்மேல் ஏற்றிவிடக் கூடாது. பட்டினி, பயம், இரவு தூங்காத கண்கள் இவையெல்லாம் எதிர்த் தட்டில் இருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

உண்மையில் ஆளைச் சாய்ப்பது எடையைவிட வெப்பம். கோட்லாந்தின் ஜூலை நமக்கு ஊட்டி மாதிரி இருக்கும். அங்கேயே, பல அடுக்கு லினனைப் பஞ்சோடு சேர்த்துத் தைத்த உள்ளங்கி, அதன்மேல் வளையச் சட்டை, அதன்மேல் தகட்டு அங்கி போட்டு நின்றால் வியர்வை போக வழியில்லை. உள்ளங்கி நனைந்து ஒரு கிலோ கூடும். தலைக்கவசத்துக்குள் இன்னும் மோசம். அதன் உள்ளே விளிம்பைச் சுற்றித் துளைகள் இருக்கும். அவற்றில் தைத்த பஞ்சுத் தொப்பி தலையை ஏந்திக்கொள்ள, இரும்பு மண்டையைத் தொடாமல் விரலளவு விலகி நிற்கும். அடி விழும்போது உயிரைக் காப்பது அந்த விரலளவு. இதுவும் தையல்தான். முகமூடியை இறக்கினால் சொந்த மூச்சு முகத்தில் திரும்பி அடிக்கும், தன் மூச்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் குறைந்துவிடும், காலடி தெரியாது. அனுபவப்பட்டவர்கள் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் முகமூடியைத் தூக்கிவிடுவதைப் பார்த்தபின், பழைய சித்திரங்களில் ஏன் இத்தனை வீரர்கள் திறந்த முகத்தோடு நிற்கிறார்கள் என்பது புரிகிறது. முகம் தெரியட்டும் என்று ஓவியர் வரைந்தது மட்டுமாக இருக்காது.

மீள்நடிப்பு எல்லாம் ஒரே மாதிரி இல்லை. 1966இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய சங்கத்தில் பிரம்பு வாளால் உண்மையாகவே மோதுவார்கள். அங்கே துணிக்கு அடியில் நீல பிளாஸ்டிக் பீப்பாயை வெட்டிச் செய்த கவசத்தையும் பார்க்கலாம். போலந்தில் ஒவ்வொரு ஜூலையிலும் 1410இன் கிரன்வால்ட் போரை அதே வெளியில் ஒத்திகையோடு நிகழ்த்துகிறார்கள். உக்ரைனின் ஹோத்தின் கோட்டையில் 2010இல் முதல்முறை நடந்த நாடுகளின் போட்டி, மழுங்கிய இரும்பு ஆயுதத்தால் முழு வேகத்தில் மோதும் விளையாட்டாக வளர்ந்தது. அதில் டைட்டானியக் கவசமும் வந்துவிட்டது. விஸ்பியில் 1984 முதல் ஆகஸ்டில் இடைக்கால வாரம் கொண்டாடுகிறார்கள். அதே மதில், அதே வாசல்கள்.

விளையாட்டுக்கு விதி வேண்டும். ஆட்டம் முடிந்து எல்லோரும் வீடு திரும்ப வேண்டும். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த விதிகள் நம் கண்ணை ஓரிடத்தில் மறைத்துவிடுகின்றன. பெர்க்லி மரபில் முழங்காலிலும் அதற்குக் கீழும் அடிக்கத் தடை. விஸ்பிக் குழிகளின் எலும்புகளைப் பார்த்தவர்கள் முதலில் கண்டதோ கால்களை. கணைக்கால் எலும்புகளில் வெட்டுக்கு மேல் வெட்டு. ஒரே வீச்சில் இரண்டு காலும் போன எலும்புக்கூடும் உண்டு. உடம்புக்குத் தகட்டு அங்கி இருந்தது, தலைக்கு வளைய மூடி இருந்தது, கைக்குக் கேடயம் இருந்தது. கீழே ஒன்றுமில்லை. டேனியப் படையின் தொழில்முறை வீரர்களுக்கு அது தெரிந்திருந்தது. நாம் எத்தனை ஆண்டு விளையாடினாலும், எவ்வளவு உண்மையான அங்கி போட்டாலும், அந்தக் கோட்லாந்துக்காரன் எதற்குப் பயந்திருப்பான் என்பதை நம் விளையாட்டு தொடவே தொடாது. அந்த இடத்தில் எலும்புதான் பேச வேண்டும். அந்தக் குழிகளில் கிழவர்களும் மீசை முளைக்காத பையன்களும் இருந்தார்கள். மண்டையோடு வளைய மூடிக்குள் அப்படியே இருக்கும் ஒன்றை விஸ்பியின் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். விழாவுக்குக் கவசத்தோடு வருகிறவர்கள் அதன் முன்னால் போய் நிற்பது நல்லது.

கழற்றுவது பூட்டுவதைவிட விரைவாக நடக்கும், ஆனால் வேலை அதோடு முடியாது. வியர்வை உப்பு. துடைக்காமல் ஓர் இரவு விட்டால் காலையில் துரு பூத்திருக்கும். தகட்டு அங்கியில் தகடு தோலுக்குள்ளே ஒளிந்திருப்பதால் துணி எட்டாது. அதனால்தான் செய்யும்போதே துரு பிடிக்காத பூச்சு கொடுத்துவிடுகிறார்கள். வளையச் சட்டையை மணலோடு பீப்பாயில் போட்டு உருட்டினால் வளையங்கள் தம்மையே தேய்த்துக்கொள்ளும். 14ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டோவர் கோட்டையில் எடுத்த பொருள் பட்டியலிலேயே கவசம் உருட்டும் பீப்பாய் ஒன்று இருக்கிறது. இப்போது சிலர் பழைய சிமென்ட் கலவை எந்திரத்தில் போட்டு உருட்டுகிறார்கள்.

மார்கன் நூலகத்துக் கையெழுத்துப் பிரதி, கவசம் பூட்டி முடித்தபின், களத்துக்கு எடுத்துப்போக வேண்டிய சாமான்களையும் சொல்கிறது. கூடாரம், நாற்காலி, ரொட்டி, ஒயின். கூடவே ஒரு சுத்தியல், குறடு, ஒரு டஜன் சிறு ஆணி, கட்டுவதற்கு ஒரு டஜன் நாடா. விஸ்பியின் மதிலோரம் ஆகஸ்ட் மாலையில் ஒருவர் முதுகுப் பக்கிளை இன்னொருவர் கழற்றிவிடும்போது, புல்லில் திறந்து கிடக்கும் பையிலும் அவைதான் இருக்கின்றன. நாடாவில் மெழுகு தேய்த்திருக்கிறது.